ஓர்லாண்டோவில் கோடை மழை: தீம் பார்க் பயணத்தைத் திட்டமிட முழுமையான வழிகாட்டி

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஓர்லாண்டோ போகத் திட்டமிட்டுவிட்டு வானிலை ஆப்பைத் திறந்தால், பத்து நாளும் இடிமேகப் படம்தான் வரிசையாக நிற்கும். 60 சதவீதம், 70 சதவீதம், மறுபடி 60. இதைப் பார்த்துப் பயணத்தையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. அந்தச் சதவீதம், உங்கள் இடத்தில் அளக்கக்கூடிய அளவுக்கு மழை விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே சொல்கிறது. எத்தனை மணி நேரம் பெய்யும் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அங்கே வழக்கமான கோடை நாள் காலையில் பளிச்சென்று விடியும். மதியத்துக்கு மேல் கருக்கும், முக்கால் மணியோ ஒரு மணி நேரமோ கொட்டும், பிறகு வெளுக்கும்.

திட்டம் போடும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரைடுகளை மூடுவது மழை அல்ல, மின்னல். தூறலில் ஓடும் ரோலர் கோஸ்டர்கூட, ஒரு சொட்டு விழாத நேரத்தில் பக்கத்தில் மின்னல் வெட்டினால் நின்றுவிடும். ஆகவே மின்னல் வந்தால் மூடக்கூடியவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கூரைக்குள் இருப்பவற்றைப் பிற்பகலுக்குச் சேமித்து வைக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

அங்கே ஏன் தினமும் இடி இடிக்கிறது

ஃபுளோரிடா ஒரு தீபகற்பம். கிழக்கே அட்லாண்டிக், மேற்கே மெக்சிகோ வளைகுடா. வெயிலில் நிலம் சூடானதும் இரண்டு கரையிலிருந்தும் கடற்காற்று உள்ளே நுழைகிறது. நடுவில் இரண்டும் மோதும் இடத்தில் ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. ஓர்லாண்டோ அந்த நடுவில்தான் இருக்கிறது. சென்னையில் ஆகஸ்ட் மாலைகளில் 'வெப்பச்சலன மழை' என்று வானிலை அறிக்கை சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே மேலைக்காற்றும் வங்கக்கடல் காற்றும் மோதுகின்றன. ஃபுளோரிடாவில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் அது அன்றாட நிகழ்வாகிவிடுகிறது. மேற்குக் கரையிலுள்ள டாம்பாவுக்கும் ஓர்லாண்டோவுக்கும் இடைப்பட்ட பகுதியை அமெரிக்கர்கள் 'மின்னல் சந்து' என்றே அழைக்கிறார்கள்.

மழைக்காலம் மே கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை நீளும். ஜூனில் சராசரியாகச் சுமார் 200 மில்லிமீட்டர் பெய்யும். ஏப்ரலில் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

படி 1: தேதி

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகள் மே கடைசியில்தான் மூடும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே இரண்டாம் வாரம் வரை மழையும் குறைவு, கூட்டமும் குறைவு. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிருங்கள்.

அமெரிக்காவிலேயே இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் விடுமுறை. அந்த மூன்று மாதங்களில் ஜூன் முதல் வாரம் பரவாயில்லை. ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் உள்ளூர்ப் பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் குறையும், ஆனால் புயல் அபாயம் ஏறும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி.

விமானத்தைக் காலை நேரமாகப் பிடியுங்கள். மின்னல் நெருங்கினால் ஓர்லாண்டோ விமான நிலையத்தில் தரைப்பணியாளர்கள் வெளியே வேலை செய்வதை நிறுத்துவார்கள். பெட்டி இறங்காது, விமானம் நகராது. மாலை நான்கு மணி விமானம் இரவு எட்டுக்குக் கிளம்புவது கோடையில் அங்கே ஆச்சரியமான செய்தி அல்ல. வரும்போதும் போகும்போதும் இதே கணக்குதான்.

படி 2: டிக்கெட்டில் இடைவெளி வாங்குங்கள்

மழைக்காக டிஸ்னியோ யுனிவர்சலோ நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தராது. ஆகவே நாட்களை நகர்த்த இடம் விட்டு வாங்க வேண்டும். டிஸ்னியின் பல நாள் டிக்கெட்டுகளில் அதற்கு வழி இருக்கிறது. 3 நாள் டிக்கெட்டை 5 நாட்களுக்குள்ளும், 4 நாள் டிக்கெட்டை 7 நாட்களுக்குள்ளும், 5 நாள் டிக்கெட்டை 8 நாட்களுக்குள்ளும் பயன்படுத்தலாம். தேதி குறித்த டிக்கெட் இருந்தால் எந்த நாள் எந்த பார்க் என்று முன்கூட்டியே பதிவுசெய்யும் கட்டாயம் 2024 ஜனவரியில் நீங்கிவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு இரவு தங்கி 4 நாள் டிக்கெட் வாங்கினால், மிக மோசமான ஒரு நாளை அன்று காலையில்கூட ஓய்வு நாளாக மாற்றிக்கொள்ளலாம். நான்கு இரவு தங்கி நான்கு நாளும் பார்க் என்று இறுக்கிப் போட்டால் வானம் சொன்னபடிதான் ஆட வேண்டும்.

டிஸ்னியின் பல பார்க்குகளுக்கு ஒரே நாளில் போக விடும் பார்க் ஹாப்பர் டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் ஆகும். குளிர்காலத்தில் அது ஆடம்பரம். கோடையில் அதற்கு அர்த்தம் உண்டு: காலையில் திறந்தவெளி அதிகமுள்ள அனிமல் கிங்டம், ஒரு மணிக்குக் கிளம்பி, கூரை அதிகமுள்ள எப்காட். நான்கு பேர் குடும்பத்துக்குச் செலவு கனம் என்று தோன்றினால் விட்டுவிடலாம். நாட்களை நகர்த்தும் வசதிதான் முக்கியம், ஹாப்பர் அதற்கு அடுத்தது.

சீவேர்ல்டிலும் அதன் சகோதரப் பார்க்குகளிலும், மோசமான வானிலையால் நாள் கெட்டால் இன்னொரு நாள் வர அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கான நிபந்தனைகளை டிக்கெட் வாங்கும்போதே படித்துவிடுங்கள். அன்றே விருந்தினர் சேவை மையத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியேறுவது நல்லது.

படி 3: எந்த பார்க் மழையைத் தாங்கும்

எல்லா பார்க்கும் மழையில் ஒன்றல்ல. தாங்கும் வரிசையில் சொன்னால் இப்படி வரும். இவற்றில் எப்காட், மேஜிக் கிங்டம், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் நான்கும் டிஸ்னியுடையவை, மற்றவை யுனிவர்சலுடையவை.

எப்காட், ரைடுகளைப் பொறுத்தவரை, மழைக்கு மிகப் பாதுகாப்பானது. ஸ்பேஸ்ஷிப் எர்த், சோரின், லிவிங் வித் த லேண்ட், கடல்வாழ் உயிரினக் காட்சிக்கூடம், காஸ்மிக் ரிவைண்ட், ஃப்ரோஸன், ரெமி எல்லாம் கட்டடத்துக்குள். பெரிய ரைடுகளில் டெஸ்ட் டிராக் மட்டுமே வெளியே ஓடும் பகுதி கொண்டது, அதைக் காலையில் முடித்துவிடுங்கள். ஆனால் ஒரு கண்ணி உண்டு. நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருக்கின்றன, வழியில் ஒதுங்க இடம் குறைவு. மூன்று மணிக்கு அந்தப் பாதையின் நடுவில் இருக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் மெக்சிகோ அரங்கின் பிரமிடுக்குள் சந்தையும் உணவகமும் படகு ரைடும் கூரைக்குள்ளேயே இருக்கின்றன. அமெரிக்க அரங்கின் மேடைக்காட்சி அரை மணி நேரம் ஓடும்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃபுளோரிடாவும் அதே தரம்தான். கிரிங்காட்ஸ், மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மென் இன் பிளாக், மினியன் ரைடுகள், மேடைக்காட்சிகள் என்று ஒரு பிற்பகலையே உள்ளே கழிக்கலாம். பக்கத்து ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் நேர் எதிர்: வெலாசிகோஸ்டர், ஹேக்ரிட், ஹல்க் மூன்றும் திறந்தவெளி. இரண்டுக்கும் செல்லும் டிக்கெட் இருந்தால் காலையில் ஐலண்ட்ஸ், மதியத்துக்கு மேல் ஸ்டுடியோஸ். இரண்டையும் இணைக்கும் ஹாக்வார்ட்ஸ் ரயிலில் ஏறவும் அந்த டிக்கெட்தான் வேண்டும்.

மேஜிக் கிங்டம் நடுத்தரம். ஹாண்டட் மேன்ஷன், பைரேட்ஸ், ஸ்பேஸ் மவுண்டன், பீட்டர் பேன், ஸ்மால் வேர்ல்டு, கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ், ஃபில்ஹர்மேஜிக் எல்லாம் உள்ளே. செவன் டுவார்ஃப்ஸ், டியானா, டிரான், ஜங்கிள் க்ரூஸ், குழந்தைகளின் கார் பந்தயப் பாதை ஆகியவை மின்னலில் மூடும். டிரானுக்கு மேலே கூரை தெரியும், அதை நம்பாதீர்கள், பாதையின் ஒரு பகுதி வெளியேதான்.

ஹாலிவுட் ஸ்டுடியோஸில் ரைடுகள் பெரும்பாலும் உள்ளே. ஸ்லிங்கி டாக் மட்டும் முழுக்க வெளியே. குடும்பங்கள் அதிகம் மொய்க்கும் ரைடு என்பதால் பார்க் திறந்ததும் நேரே அங்கே போவதுதான் சரி.

அனிமல் கிங்டம் கடைசி. சஃபாரி, எவரெஸ்ட், காளி ஆற்றுச் சவாரி, விலங்குகளைப் பார்க்கும் நடைபாதைகள் எல்லாம் வெளியே. அவதார் பட உலகமான பண்டோராவின் இரண்டு ரைடுகளும் லயன் கிங் போன்ற மேடைக்காட்சிகளும்தான் கூரைக்குள் கிடைக்கும் பெரிய விஷயங்கள். ஆனால் இந்தப் பார்க் மற்றவற்றைவிட முன்னதாகத் திறக்கும், முன்னதாக மூடும். திறக்கும்போது நுழைந்து மதியம் ஒன்றரை மணிக்குள் கிளம்பிவிட்டால் எதையும் தவறவிட மாட்டீர்கள்.

2025 மே 22 அன்று திறந்த எபிக் யுனிவர்ஸ் இன்னும் இளசு. மரங்கள் வளரவில்லை, நடுப்பகுதி பரந்த திறந்தவெளி, ஒதுங்க இடம் தேட வேண்டும். ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ், டிராகன் பகுதியின் கோஸ்டர், டாங்கி காங் சுரங்க வண்டி ஆகியவற்றைக் காலையில் முடியுங்கள். மந்திர அமைச்சகம், மான்ஸ்டர்ஸ் அன்செயின்ட், மரியோ கார்ட் மூன்றும் கட்டடத்துக்குள், பிற்பகலுக்கு வையுங்கள். இந்த பார்க் மற்ற யுனிவர்சல் பார்க்குகளிலிருந்து தள்ளி இருக்கிறது. மழை வந்தால் நடந்து மாறிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

எந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்பதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பாருங்கள். உள்ளே இருக்கும் ரைடு ஒன்று மூடியிருந்தால் அந்த பார்க்கின் மழைத் தாங்கும் சக்தி ஒரு படி இறங்கிவிடும்.

படி 4: முன்பதிவை மழைக்கு ஏற்ப அடுக்குங்கள்

டிஸ்னியில் வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் 2024 ஜூலையிலிருந்து முன்கூட்டியே பதிவாகிறது. டிஸ்னி விடுதியில் தங்குவோர் 7 நாள் முன்பும், வெளியே தங்குவோர் 3 நாள் முன்பும், காலை 7 மணிக்குப் பதியலாம். வெளி ரைடுகளுக்கு 9 முதல் 12 வரையுள்ள நேரத்தை எடுங்கள். அதற்குப் பிறகு பதியும் உள் ரைடுகளை 2 முதல் 6 வரை தள்ளுங்கள்.

காலை நேரம் கிடைக்காமல் வெளி ரைடுக்கு மூன்றரை மணிதான் அமைந்தால்? எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நேரத்தில் ரைடு நின்றுபோனால், அந்தப் பாஸ் அதே நாளில் பின்னர் அந்த ரைடிலோ வேறு சில ரைடுகளிலோ பயன்படுத்தும் பாஸாக ஆப்பில் தானே மாறிவிடும். மிகவும் பெயர்பெற்ற ரைடுகள் அந்த மாற்றுப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது, ஆனால் பாஸ் வீணாகாது. சாதாரண வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றபின் ரைடு மூடினால் அந்த ஐம்பது நிமிடம் போனது போனதுதான். ஆகவே பிற்பகலில் வெளி ரைடுக்குச் சாதாரண வரிசையில் நிற்காதீர்கள், பாஸ் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

சாப்பாட்டு மேசையை டிஸ்னியில் 60 நாள் முன்பு பதியலாம். எல்லோரும் பன்னிரண்டரைக்கும் ஆறரைக்கும் மோதும்போது நீங்கள் பிற்பகல் 3 மணிக்குப் பதியுங்கள். எளிதாகக் கிடைக்கும், மழை நேரத்தில் குளிர்ந்த அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார இடமும் ஆகும். பெரும்பாலான உணவகங்களில் 2 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம், கட்டணம் இல்லை. ஒரு மணிக்கு மழைமேகத்தைக் காட்டும் ராடார் படமும் தலைக்கு மேல் வானமும் சுத்தமாக இருந்தால் ரத்து செய்துவிட்டு ரைடுக்குப் போங்கள்.

வாணவேடிக்கையைக் கடைசி இரவுக்கு ஒதுக்காதீர்கள். மழையில் நடக்கும், மின்னலிலும் பலத்த காற்றிலும் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும். வானம் தெளிந்த முதல் இரவே பார்த்துவிடுங்கள். பகல் ஊர்வலமும் அப்படித்தான். மழையில் மேஜிக் கிங்டத்தில் சில சமயம் சுருக்கமான மழைக்கால ஊர்வலம் ஒன்றை நடத்துவார்கள்.

படி 5: பையில் என்ன

- ஆளுக்கு இரண்டு பான்ச்சோ, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் மழையங்கி. ஊர்க் கடைகளில் ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும் மெல்லியது போதும். பார்க்குக்குள் பல மடங்கு விலை. முன்பக்கம் பொத்தான் வைத்தது பிள்ளைகளுக்கு வசதி.
- தள்ளுவண்டி இருந்தால் அதன் அளவுக்கேற்ற தெளிந்த மழை உறை. ரைடுக்குப் போகும்போது வண்டி வெளியேதான் நிற்கும். உறை இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இருக்கை குளம். டிஸ்னியில் வண்டியின் அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.
- ஆளுக்கு ஒரு ஜோடி உலர்ந்த காலுறை, ஜிப் பையில். பருத்தி வேண்டாம், செயற்கை இழை சீக்கிரம் காயும்.
- பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மெல்லிய ஸ்வெட்டர். வெளியே 33 டிகிரி செல்சியஸ். நனைந்த சட்டையோடு குளிர்சாதன அரங்கில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் பல் கிட்டும்.
- பவர் பேங்க், கைப்பேசிக்கு நீர்புகா உறை. ரைடு நேரம், பாஸ், சாப்பாடு எல்லாம் ஆப்பில்தான் இருக்கின்றன. ஈர விரலுக்குத் திரை பணியாது என்பதால் சின்னத் துண்டு ஒன்றும்.
- சுண்டல், சப்பாத்திச் சுருள், புளியோதரை போன்ற ஏதாவது. டிஸ்னியில் வெளி உணவுக்கு அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது.

குடை? வெயிலுக்கு வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் அடுத்தவர் கண்ணைக் குத்தும், காற்றில் மடங்கும், மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. பான்ச்சோவே மேல்.

ஜீன்ஸ் நனைந்தால் மாலை வரை காயாது, தொடை உரசிப் புண்ணாகும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களுக்கு அன்று மட்டும் சேலைக்குப் பதில் செயற்கை இழைச் சுடிதார் நல்லது. நனைந்த சேலைக் கரை காலைத் தடுக்கும், மழையில் சில நடைபாதைகள் வழுக்கவும் செய்யும். மின்சாரச் சக்கர வண்டி வாடகைக்கு எடுத்தால் கைப்பிடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அது நனைந்தால் வண்டி நின்றுவிடலாம்.

காலணியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புது ஷூ, பருத்திக் காலுறை, ஒரு மழை: அன்று இரவு கொப்புளம், மறுநாள் நொண்டல். தண்ணீர் வடியும், பின்பட்டை உள்ள, ஏற்கெனவே பழகிய செருப்பும், மாற்றாக ஒரு ஷூவும் எடுத்துப் போங்கள்.

படி 6: அன்று காலை வானத்தைப் படிப்பது

ஓர்லாண்டோவுக்கான அதிகாரபூர்வ முன்னறிவிப்பைத் தருவது அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் மெல்பர்ன் அலுவலகம் (ஆஸ்திரேலியாவில் அல்ல, ஃபுளோரிடாவில் இருக்கும் மெல்பர்ன்). ஊர்ப் பெயரைத் தேடி அவர்களின் தளத்துக்குப் போனால் மணிவாரியான வரைபடம் இருக்கும். அதைவிடப் பயனுள்ளது, வானிலையாளர்கள் எழுத்தில் தரும் விவாதக் குறிப்பு. அதில் மேல்காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று தேடுங்கள். அன்றைய மழை நேரம் அதில் ஒளிந்திருக்கிறது.

கிழக்கிலிருந்து வீசினால் அட்லாண்டிக் கடற்காற்று சீக்கிரம் உள்ளே வரும். ஓர்லாண்டோவில் நண்பகலை ஒட்டியே மழை தொடங்கலாம். பிறகு மேகக்கூட்டம் மேற்கே டாம்பா பக்கம் நகர, மாலை பெரும்பாலும் தெளிவு. மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசினால் அட்லாண்டிக் காற்று கரையோரமே தடுக்கப்படும். மோதல் ஓர்லாண்டோ பக்கம் நடக்கும், மூன்று மணிக்கு மேல், பலமாக, சில நாள் இருட்டும் வரைகூட. முதல் வகை நாளில் வெளி ரைடுகளைப் பதினொன்றரைக்குள் முடித்துவிட்டு மாலையை நம்பலாம். இரண்டாம் வகை நாளில் இரண்டு மணி வரை வெளியே இருக்கலாம், மாலையை நம்பக் கூடாது.

சஹாராப் பாலைவனத் தூசி அட்லாண்டிக்கைக் கடந்து வரும் நாட்களும் உண்டு. வானம் வெளுத்துத் தெரியும், மழை குறையும், வெயில் வதைக்கும். அந்த நாட்களில் மழையைவிடத் தண்ணீர் குடிப்பதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

பார்க்குக்குள் போனபின் முன்னறிவிப்பை மறந்துவிட்டு ராடாரை மட்டும் பாருங்கள். பதினொரு மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை போதும். மேகக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கப் படத்தை ஓடவிடுங்கள். ராடாரில் வெற்றிடம் தெரிவதால் ஏமாற வேண்டாம். இந்த மேகங்கள் வேறு ஊரிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, தலைக்கு மேலேயே அரை மணியில் உருவாகலாம்.

படி 7: நாளை நகர்த்துவது

பார்க் திறக்க முக்கால் மணி முன்பு வாசலில் இருங்கள். டிஸ்னி விடுதியில் தங்குவோருக்கு அரை மணி முன்னதாக நுழைய அனுமதி உண்டு. கோடையில் அந்த அரை மணியின் மதிப்பு இரட்டிப்பு. பதினொரு மணி வரை வெளி ரைடுகள் மட்டும். வழியில் ஹாண்டட் மேன்ஷன் பத்து நிமிட வரிசையோடு கண்ணில் பட்டாலும் தாண்டிப் போங்கள். காலை வெயிலை உள் ரைடில் செலவழிப்பதுதான் கோடைப் பயணத்தின் மிகப் பொதுவான தவறு.

பதினொன்றேகாலுக்குச் சாப்பிடுங்கள். கூட்டம் வருவதற்கு முன் முடிந்துவிடும்.

பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை பாதி வெளியே, பாதி உள்ளே. மேகம் குவிவது தெரிந்தால், முதல் இடிக்குக் காத்திராமல், இருபது நிமிடம் முன்பே உள் ரைடு வரிசைக்குள் நுழைந்துவிடுங்கள். இடி கேட்டபின் பார்க் முழுக்க அதே கதவை நோக்கித்தான் ஓடும்.

இரண்டிலிருந்து ஆறு வரை சேமித்து வைத்த நீண்ட காட்சிகள்: கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ் 20 நிமிடத்துக்கு மேல், லிவிங் வித் த லேண்ட், ஸ்பேஸ்ஷிப் எர்த் தலா கால் மணி. பெயர் பெரிதில்லாத இந்தக் காட்சிகளில் உட்கார இடமும் குளிரும் இருக்கும், வரிசை இருக்காது.

'மதியம் அறைக்குப் போய் நீச்சல் குளம்' என்று அமெரிக்க வழிகாட்டிகள் பல சொல்லும். கோடையில் அது பாதி நாட்கள் பலிக்காது, ஏனென்றால் மின்னலில் விடுதிக் குளமும் மூடும். அறைக்குப் போவதானால் தூங்கப் போங்கள், குளத்தைக் காலைக்கு வையுங்கள்.

இடி கேட்டுவிட்டது. இப்போது?

கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடி, துணிக் கூடாரம், திறந்த பந்தல் எதுவும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. மேஜிக் கிங்டத்தின் நுழைவுத் தெருவில் கடைகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. நனையாமல் தெருவின் நீளம் நடந்துவிடலாம்.

அப்போது பார்க்கை விட்டு வெளியேறாதீர்கள். கூட்டத்தில் பாதி அதைத்தான் செய்கிறது. குறிப்பாக மேஜிக் கிங்டத்திலிருந்து வாகன நிறுத்தத்துக்கு ஏரியைத் தாண்ட வேண்டும். மின்னலில் படகு நிற்கும், மோனோரயில் வரிசை பெருகும். எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டுடியோஸையும் இணைக்கும் ஸ்கைலைனர் கம்பிவட வண்டியும் நிற்கும். வெளியேறியே தீர வேண்டுமானால் இடிக்கு முன் கிளம்புங்கள், இல்லையேல் முடிந்தபின்.

வரிசையில் நிற்கும்போதே ரைடு நின்றால்? வெளி வரிசை என்றால் ஊழியர்களே கலைத்துவிடுவார்கள். உள்ளே நிற்க விட்டால், முன்னால் இருக்கும் கூட்டத்தையும் ராடாரையும் பாருங்கள். ஒற்றை மேகம் கடந்துகொண்டிருந்தால் நில்லுங்கள். பின்னால் இன்னொன்று வந்தால் விலகுங்கள். ஒவ்வொரு மின்னலுக்குப் பிறகும் ரைடு திறக்கக் காத்திருக்கும் கணக்கு மறுபடி தொடங்கும் என்பதால், இரண்டாவது மேகம் காத்திருப்பை இரட்டிப்பாக்கும். நின்ற கோஸ்டரை ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தபின்தான் ஏற்றுவார்கள். மழை விட்ட மறுநிமிடம் திறக்காது.

மழை விடுவதற்குள் பசித்தால் ஆப்பில் உணவை முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். கொட்டத் தொடங்கியபின் எல்லா உணவகமும் நிரம்பும். பையில் இருக்கும் சப்பாத்திச் சுருளின் அருமை அப்போது தெரியும்.

மழை விட்டதும்

இந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். நனைந்த குடும்பங்கள் பல கிளம்பியிருக்கும், வெப்பம் சில டிகிரி இறங்கியிருக்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறைவது ஏறக்குறைய எட்டரை மணிக்கு. காலணியை மாற்றி, ஆப்பில் வெளி ரைடுகளின் நிலையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நில்லுங்கள். மறுபடி திறக்கும் கணத்தில் பலகையில் காட்டும் நேரத்தைவிட வரிசை குறைவாக இருக்கும். கடைசி ஒரு மணி நேரமும் அப்படியே: பார்க் மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் நுழைந்தாலும் ஏற்றிவிடுவார்கள்.

நீர் விளையாட்டுப் பூங்காக்கள்

டைஃபூன் லகூன், பிளிஸார்ட் பீச், வால்கேனோ பே, அக்வாட்டிக்கா எதுவானாலும் மின்னலில் தண்ணீரிலிருந்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அங்கே உள் ரைடு என்று எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். திறக்கும்போது போய் ஒரு மணிக்குக் கிளம்பும் அரைநாளாக மட்டும் திட்டமிடுங்கள். கிழக்குக் காற்று நாளில் நண்பகலிலேயே மழை வருமென்பதால், நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மேற்குக் காற்று நாளாகப் பாருங்கள்.

புயல் வந்தால்

மேலே சொன்னதெல்லாம் அன்றாட இடிமழைக்கு. வெப்பமண்டலப் புயல் வேறு வகை; நாள் முழுக்கப் பெய்யும். அப்படி ஒரு நாள் வந்தால், பார்க் திறந்திருக்கும் பட்சத்தில் எப்காட்டோ யுனிவர்சல் ஸ்டுடியோஸோ மட்டும்தான். பெரும்புயலில் பார்க்குகளே மூடும். இயன் புயலுக்காக 2022 செப்டம்பர் 28, 29 தேதிகளிலும், மில்டனுக்காக 2024 அக்டோபர் 10 அன்றும் டிஸ்னி வேர்ல்டு மூடியிருந்தது.

ஓர்லாண்டோ பகுதிக்கோ உங்கள் வசிப்பிடத்துக்கோ, வருகைத் தேதிக்கு 7 நாட்களுக்குள் தேசியப் புயல் மையம் சூறாவளி எச்சரிக்கை விடுத்தால், டிஸ்னியிடம் நேரடியாகப் பதிந்த விடுதியையும் தொகுப்பையும் டிஸ்னியின் கட்டணம் இல்லாமல் மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். விமானமும் வெளி விடுதியும் இதில் சேராது. அவற்றுக்குப் பயணக் காப்பீடு வேண்டும், அதையும் புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பெயர் வந்தபின் வாங்கினால் அந்தப் புயலுக்கு இழப்பீடு கிடைக்காது. ஆகஸ்ட் நடுவுக்கு மேல் போகிறவர்கள் விடுதி பதியும் அன்றே காப்பீட்டையும் முடித்துவிடலாம்.

இரவு, அறையில்

நனைந்த ஷூவின் உள்தட்டை உருவிவிட்டு, உள்ளே செய்தித்தாளோ காய்ந்த துண்டோ திணித்து, குளிர்சாதனக் காற்று படும் இடத்தில் வையுங்கள். ஒரு மணி கழித்துத் தாளை மாற்றுங்கள். முடி உலர்த்தியைச் சூடில்லாமல் ஓட்டலாம், சூட்டில் ஷூவின் பசை விடும். பான்ச்சோவை மடித்துப் பையில் வைத்தால் காலையில் நாறும். குளியலறைக் கம்பியில் விரித்துப் போடுங்கள். படுக்குமுன் மெல்பர்ன் அலுவலகத்தின் இரவுக் குறிப்பில் நாளைய காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்கு என்றால் அலாரத்தை அரை மணி முன்னால் நகர்த்துங்கள்.